சிங்கப்பூரில் இருக்கும் என் மாணவிக்கு

கடையநல்லூர்,
ஆனி மாதம்.

அன்பு மகளுக்கு,

உன் பெயரை இதில் எழுதவில்லை. பத்தாம் வகுப்பில் ஜன்னலோரப் பெஞ்சில் உட்கார்ந்து, நான் பாடம் நடத்தும்போது மேற்கே மலையில் மேகம் இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தவள் யார் என்று உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அது போதும். நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதலாமா என்று உன்னிடம் கேட்டேன், சரி என்றாய். நீ கேட்டதையே அங்கே இருக்கும் நம்மூர்ப் பிள்ளைகள் இன்னும் இரண்டு பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும்.

இங்கே சாரல் பிடித்துவிட்டது. காலையில் கொடியில் போட்ட துணி சாயங்காலம் வரை ஈரமாகவே கிடக்கிறது. குற்றாலத்துக்குப் போகிற வண்டிகள் மெயின்ரோட்டில் வரிசையாக நிற்கின்றன. காற்று அப்படியே மலையிலிருந்து வழுக்கிக்கொண்டு வருகிறது. நீ இருந்தால் ஜன்னலை விட்டு நகரமாட்டாய்.

போன வாரம் நீ அனுப்பிய குரல் பதிவை மூன்று தரம் கேட்டேன். மகளுடைய பள்ளிக்கூடத்தில் ஜூலை 21 அன்று இன நல்லிணக்க நாள். பிள்ளைகள் அவரவர் உடையில் வரவேண்டும், வீட்டுக் கதை ஒன்றும் சொல்லவேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பட்டுப்பாவாடை வாங்கியாயிற்று. கதைக்கு வந்தபோதுதான், "நாங்க வந்தே அஞ்சு வருஷந்தான் ஆச்சு டீச்சர், எங்களுக்கு இந்த ஊர்ல என்ன கதை இருக்கு? இங்க நடக்கிறது எல்லாமே அடுத்தவங்க வீட்டு விசேஷம் மாதிரி இருக்கு" என்றாய். சொல்லி முடிக்கும்போது உன் குரல் இறங்கிப்போயிருந்தது. அதைக் கேட்டுவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

உனக்கு அந்த ஊரில் கதை இருக்கிறது அம்மா. எழுபது வருஷத்துக்கும் மேலான கதை. அதை வைத்திருப்பவர் எங்கள் தெருவில், எங்கள் வீட்டுக்கு எதிர் வரிசையில் நாலாவது வீட்டுத் திண்ணையில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். உன் பாட்டி.

முதலில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். 2023 ஏப்ரலில் என் மகன் அங்கே வேலையில் இருந்தபோது ஒரு மாதம் வந்திருந்தேன் அல்லவா? நீ அப்போது பிள்ளையோடு ஊருக்கு வந்திருந்ததால் நாம் சந்திக்க முடியவில்லை. வந்த நாலாம் நாள் மகனிடம், "எல்லாம் அப்புறம் பார்க்கலாம், முதலில் நம்ம ஊர் பேரில் ஒரு தெரு இருக்கிறதாமே, அங்கே கூட்டிப் போ" என்றேன். மேக்ஸ்வெல் ஸ்டேஷனில் இறங்கி மேலே வந்தோம். மேக்ஸ்வெல் உணவு நிலையம் என்று பெரிய சாப்பாட்டுக் கூடம். சீனர்கள் கோழிச் சோற்றுக்கு வரிசையில் நிற்கிறார்கள். அந்தக் கூடத்தின் முகவரியே 'எண் 1, கடையநல்லூர் தெரு'. பச்சைப் பலகையில் வெள்ளை ஆங்கில எழுத்து. எழுத்துக் கூட்டிப் படிக்கும் முதல் வகுப்புப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். சத்தமாகவே படித்துவிட்டேன் போலிருக்கிறது, தட்டு எடுத்துக்கொண்டிருந்த ஒரு சீன அம்மாள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

கடைகால் என்பது பால் கறக்கும் மூங்கில் பாத்திரம். அது லிங்கமான இடம் என்பதால் கடைகால்நல்லூர் ஆகி, பிறகு கடையநல்லூர் ஆயிற்று என்று நம் ஊரில் பெரியவர்கள் சொல்வார்கள். மாடு மேய்த்தவர்கள் வைத்த பெயர், தறி நெய்தவர்களோடு கப்பலேறி, சீனர்கள் சாப்பிடுகிற இடத்துக்கு முகவரியாகி நிற்கிறது. அந்த இடத்தில் நின்று நான் அழுததை மகன் இன்னும் சொல்லிக்காட்டுகிறான். அழுதேன்தான்.

அங்கிருந்து சவுத் பிரிட்ஜ் சாலைக்கு நடை தூரந்தான். ஜாமியா சூலியா பள்ளிவாசல் 1826-இல் ஏற்பட்டது, பக்கத்திலேயே மாரியம்மன் கோயில் 1827. இரண்டும் இருப்பது சைனாடவுனில். பள்ளிவாசல் பெயரில் ஒரு தெரு, கோயில் பெயரில் ஒரு தெரு, கோபுரத்தைப் பார்த்து வைத்த பகோடா தெரு என்று மூன்று தெருக்கள். சீனர் வட்டாரத்தின் தெருப்பெயர்களுக்குள் நம் ஆட்கள் கும்பிட்ட இடமும் தொழுத இடமும் உட்கார்ந்திருக்கின்றன. இன்னும் கொஞ்சம் நடந்தால் தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்கா, 1828-இலிருந்து 1830-க்குள் கட்டியது. இன்றைக்கு அங்கே வானளாவிய கட்டடங்கள். அன்றைக்கு அந்தத் தெருதான் கடற்கரை. கப்பலை விட்டு இறங்கியவன் கண்ணுக்கு முதலில் நாகூர் தெரிந்திருக்கிறது என்றால், அவனுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்!

இதெல்லாம் உனக்கு வழிகாட்டிப் புத்தகத்திலும் கிடைக்கும். கிடைக்காததைச் சொல்கிறேன்.

நாகப்பட்டினம், காரைக்கால், கீழக்கரைப் பக்கத்திலிருந்து போன முஸ்லிம் வியாபாரிகளில் பெரும்பாலோர் தனியாகப் போனார்கள். குடும்பம் ஊரில் இருக்கும், அவர்கள் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வந்து போவார்கள். நம் கடையநல்லூர், தென்காசிக்காரர்கள் அப்படி இல்லை. பெண்டாட்டி பிள்ளைகளோடு போனார்கள். மில் துணி வந்து கைத்தறியை அடித்தபோது பாவு போட நூலில்லாமல் போனவர்கள். ஊரில் விட்டுவிட்டுப் போக நிலமோ கடையோ இல்லாதவர்கள். தறி வீட்டில் பெண்ணுக்கும் வேலை உண்டு என்று உனக்குத் தெரியும். தார் சுற்றுவது அவள், பாவுக்குக் கஞ்சி போடக் கூடப் பிடிப்பது அவள். அப்படிப் பழகின பெண் சிங்கப்பூரிலும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. மசாலா அரைத்து விற்றாள்.

உன் பாட்டி எனக்குச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஒன்பது வயதில், 1951-இல், ராஜுலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து போனாராம். 1926-இல் கட்டிய கப்பல் அது, 1973 வரை நம் சனங்களை ஏற்றி இறக்கியது. மேல்தளத்தில் பாய் விரித்து ஏழெட்டு நாள். தகப்பனாருக்குத் துறைமுகத்தில் வேலை. தஞ்சோங் பகார் பக்கம் ஒரே வீட்டில் நாலு குடும்பம். உன் பூட்டி, அதாவது பாட்டியின் அம்மா, விடியுமுன் எழுந்து கல்லில் உட்கார்ந்துவிடுவாராம்.

"எங்கம்மாவுக்கு ஒரு கல்லு இருந்துச்சு டீச்சர். நம்மூரு அம்மி மாதிரி இல்ல, அத விட அகலம். மிளகா ஒரு உருண்டை, மல்லி ஒரு உருண்டை, மஞ்சா ஒரு உருண்டை. வாங்க வாறவ மீனா கறியான்னு சொன்னாப் போதும். எதுல எவ்வளவுன்னு எங்கம்மா கையால கிள்ளி இலையில வச்சுக் குடுக்கும். மலாய்க்காரி வருவா, சீனத்தி வருவா. எங்கம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, கணக்கு மட்டும் மலாயில சத்து, துவா, தீகான்னு வாயில ஓடும். ராத்திரி கை எரியும். தேங்கெண்ணெயத் தடவிக்கிட்டு, ரெண்டு கையையும் மடியில மல்லாக்க வச்சுக்கிட்டு உக்காந்திருக்கும். நாந்தான் சோறு ஊட்டி விடுவேன்."

மகள் அம்மாவுக்குச் சோறு ஊட்டியது. இதை அவர் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அவருக்கோ அது சாதாரணம். "ரெம்பா" என்று மசாலாவுக்கு மலாய்ச் சொல் உண்டல்லவா, உன் பாட்டி இன்றைக்கும் குழம்புக்கு அரைத்ததைச் சில நேரம் ரெம்பா என்றுதான் சொல்கிறார். உன் அம்மாவுக்கு அது காதில் விழுந்தே பழகிப்போயிற்று. ஏன் அந்தச் சொல் என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை.

நம்மூர்க்காரர்கள் அங்கே வைத்த சங்கம், சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக், 1941-இல் தொடங்கியது. அடுத்த வருஷம் பிப்ரவரியிலேயே ஜப்பான்காரன் ஊரைப் பிடித்துவிட்டான். அந்தப் பசியையும் பயத்தையும் தாண்டி, சண்டை முடிந்த மறு வருஷம், 1946-இல், அவர்கள் ஆரம்பித்தது ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம். உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி. உன் பாட்டி அங்கேதான் படித்தார்.

இந்த இடத்தில் தமிழ் டீச்சரை நிறுத்த முடியாது, பொறுத்துக்கொள். உமறுப் புலவர் எட்டயபுரத்தில் அடங்கியிருப்பவர். நம்மிடமிருந்து தூத்துக்குடி மாவட்டம் 1986-இல் பிரிவதற்கு முன் எட்டயபுரமும் திருநெல்வேலிச் சீமைதானே. நபியின் வரலாற்றை அவர் பாடிய சீறாப்புராணத்தில் மூன்று காண்டம், 5,027 பாட்டு. அதன் நாட்டுப் படலத்தை உங்கள் வகுப்பில் நடத்தியபோது நீ ஒருத்திதான் கையைத் தூக்கி, "அரபு நாட்டுல இவ்வளவு மழை பெய்யுமா டீச்சர்?" என்று கேட்டாய். ஞாபகம் இருக்கிறதா? பெய்யாது. ஆனால் உமறு பெய்ய வைத்தார். மேகம் கடலில் மேய்ந்து, மலையில் இறங்கி, ஆறாகி, வயலுக்குப் பாயும். தான் பார்த்த நீரையும் நெல்லையும் கொண்டுபோய் அங்கே வைத்துத்தான் அவரால் நபியின் கதையைத் தொடங்க முடிந்தது. தறியை விட்டுக் கூலிக்குப் போன மனிதர்கள் பிள்ளைகள் படிக்கும் இடத்துக்கு ஒரு பெயர் வேண்டுமென்று யோசித்தபோது, அவர்கள் வாயில் வந்தது அந்தப் புலவனின் பெயர். அங்கே நின்றவர்களில் எத்தனை பேருக்குச் சீறாவில் ஒரு பாட்டாவது வாசிக்கத் தெரிந்திருக்கும்? காதால் கேட்டவர்கள்தான். கேட்டதற்கே அவ்வளவு மரியாதை.

அந்தப் பள்ளி வளர்ந்து உயர்நிலைப் பள்ளியுமாயிற்று. ஆங்கிலப் பள்ளிக்குப் பிள்ளைகள் போகப் போக எண்ணிக்கை குறைந்து, 1982-இல் மூடினார்கள். மறு வருஷம் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் வந்தது. பீட்டி சாலையில் இருக்கிறதே, அதுதான். நீ பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பாய். அந்தப் பெயர் அங்கே போய் உட்கார்ந்ததில் உன் வீட்டுக்காரர்களுக்கும் பங்கு உண்டு என்று உனக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

லீக்கும் பள்ளியும் பள்ளிவாசலும் எழுத்தில் இருக்கின்றன. யார் தலைவர், யார் நன்கொடை கொடுத்தார், எல்லாவற்றுக்கும் பதிவு உண்டு. மசாலா அரைத்தவர்களுக்கு அப்படி என்ன இருக்கிறது? கிள்ளி வைத்த உருண்டைக்கு ரசீது கிடையாது. என் வருத்தமெல்லாம் இதுதான். குடும்பமாகப் போனதுதான் நம் ஊர்க்காரர்களின் தனித்தன்மை. குடும்பமாகப் போனது என்றால் பெண்கள் போனார்கள் என்று பொருள். அந்தப் பெண்களின் கதை வீட்டுக்கு வீடு திண்ணையில் கிடக்கிறது, ஒவ்வொரு வருஷமும் இரண்டு மூன்று திண்ணைகள் காலியாகின்றன.

ஜூலை 21 என்று ஏன் நாள் வைத்தார்கள் என்று உன் மகளுக்குப் பள்ளியில் சொல்லியிருப்பார்கள். 1964-இல் அன்றைக்குத்தான் மீலாது ஊர்வலத்தில் மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் கலவரம் மூண்டது. 1997-இலிருந்து பள்ளிகளில் நல்லிணக்க நாளாக நினைவு வைத்திருக்கிறார்கள். உன் பாட்டி அதற்கு முன்பே, 1959-இல், கல்யாணத்துக்காக ஊருக்கு வந்துவிட்டார். பூட்டியும் பூட்டனும் அங்கேயே இருந்தார்கள். அந்தக் கலவரத்தின்போது ஒரு கடுதாசி வந்ததாம். பூட்டி சொல்லச் சொல்ல யாரோ எழுதியது. ஊரடங்கு, வெளியே போக முடியவில்லை, விடியுமுன் அரைத்து வைத்ததை வாங்க ஆளில்லை, மூன்று நாள் மசாலா புளித்துப்போய்க் கொட்டினோம், அடுத்த வீட்டுச் சீனத்தி எப்படி இருக்கிறாளோ தெரியவில்லை என்று இருந்ததாம். கடுதாசி இப்போது இல்லை, வெள்ளையடிக்கும்போது பழைய தாள்களோடு போய்விட்டது. ஆனால் அந்த வரிகள் பாட்டிக்கு மனப்பாடம். இன நல்லிணக்க நாளில் ஏழு வயதுப் பிள்ளை சொல்வதற்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? "என் அம்மாவின் பூட்டி இந்த ஊரில் மசாலா அரைத்தார், சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லார் வீட்டுக் குழம்பிலும் அவர் கை இருந்தது, கலவரத்தில் அவர் மூன்று நாள் மசாலாவைக் கொட்டினார்." மூன்று வாக்கியம் போதும்.

பட்டுப்பாவாடை அழகாகத்தான் இருக்கும். அதோடு நம் ஊர்க் கைத்தறிக் கைலி ஒன்றை மடித்துக் கையில் கொடுத்து அனுப்பு. பாட்டியின் பெட்டியில் இருக்கிறது, வருகிறவர்களிடம் நான் கொடுத்துவிடுகிறேன்.

விசேஷமெல்லாம் அடுத்தவர்களுடையது போல இருக்கிறது என்றாயே, அதற்கும் ஒரு வார்த்தை. நான் வந்த ஏப்ரல் தமிழ்மொழி விழா மாதம். வளர்தமிழ் இயக்கம் 2007-இலிருந்து வருஷா வருஷம் நடத்துவது. பட்டிமன்றம், கதைசொல்லல், பிள்ளைகள் போட்டி என்று ஊரெங்கும் ஏதாவது நடந்துகொண்டே இருந்தது. ஒரு சமூக மன்றத்தில் பத்து வயதுப் பையன் மேடையேறித் திக்கித் திக்கிப் பேசினான். முன்வரிசையில் அவன் அம்மா உதடசைத்துக்கொண்டே இருந்தாள். நான் கைதட்டியதில் மோதிரம் கழன்று விழுந்தது. அதே மாதம்தான் நோன்பும். டன்லப் தெரு அப்துல் கஃபூர் பள்ளிவாசலில் நோன்பு திறக்கும் நேரத்தில் கட்டட வேலைக்கு வந்த நம் பையன்கள் வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கஞ்சி மணம் தெருவுக்கு வந்தது. இதே மணத்தை இங்கே உன் தெருவில் எத்தனை வருஷம் வாங்கியிருக்கிறேன்! தூக்குவாளியோடு நீ என் வீட்டுக்கு ஓடிவந்ததுதான் நினைவுக்கு வந்தது. இந்த இரண்டு இடத்துக்கும் உன்னை யாரும் தனியாக அழைக்கமாட்டார்கள். கதவு திறந்துதான் இருக்கிறது, நீதான் போகவேண்டும்.

உன் கட்டடத்தில் பேசப் பழக ஒரு தமிழ் வீடுகூடச் சரியாக இல்லை என்று முன்பு ஒருமுறை சொன்னாய். ஒரு புளோக்கில் ஓர் இனத்தார் மட்டும் சேர்ந்துவிடக் கூடாது என்று 1989-இலிருந்து அரசாங்கத்தின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் இனவாரி அளவு வைத்திருக்கிறார்கள். அதனால் நமக்கென்று ஒரு தெரு, ஒரு வளவு என்று அமையாது. தேடிப் போய்த்தான் சேர வேண்டும். 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அங்கே வீட்டில் அதிகமும் தமிழ் பேசுவோர் 3.3 விழுக்காடு, 2020-இல் 2.5. ஆட்சிமொழி நான்கில் ஒன்று, ரயிலிலும் வெள்ளி நோட்டிலும் எழுதியிருக்கிறது, அடுக்களையில் குறைந்துகொண்டு வருகிறது. மேடையில் எவ்வளவு விழா நடந்தாலும் அந்த எண்ணைப் பார்த்தால் எனக்குத் திக்கென்கிறது. உன் மகள் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறாள் என்று அவளைத் திட்டாதே. அவளுக்குத் தமிழில் கேட்க ஆசைப்படுகிற ஒரு கதையைக் கொடு. உன் பாட்டியிடம் ஆங்கிலம் கிடையாது, அதனால் அந்தக் கதை தமிழில்தான் கிடைக்கும். நடுவில் கொஞ்சம் மலாயும் கிடைக்கும். அதைக் கேட்டால் உன் மகள் குதிப்பாள்.

பதிவு செய்ததை உன் போனிலேயே வைத்துக்கொள்ளாதே. அங்கே தேசிய ஆவணக் காப்பகத்தில் வாய்மொழி வரலாற்று நிலையம் 1979-இலிருந்து இருக்கிறது. தமிழில் பேசிய பெரியவர்களின் குரல்களும் அங்கே உண்டு. போய்க் கேள், எப்படிக் கொடுக்கலாம் என்று விசாரி. நம்மூர் லீக்கிலும் சொல்லிப் பார். வருகிற ஏப்ரலில் ஒரு மேடையில் நீயும் உன் மகளும் சேர்ந்து நின்று மசாலா அரைத்த பெண்களைப் பற்றிப் பேசினால், நான் டிக்கெட் போட்டு வருகிறேன். முழங்கால் வலியெல்லாம் பார்க்கமாட்டேன்.

இப்போது செய்யவேண்டியது. பாட்டிக்கு எண்பத்து மூன்று ஆகிறது. காலையில் பெயர்கள் மறக்கின்றன, என்னையே ஒருநாள் யாரென்று கேட்டார். சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டுத் திண்ணைக்கு வந்தால் மட்டும் முகம் தெளிந்துவிடுகிறது. பொழுது அடைந்து மஃரிப் தொழுகிற வரை நன்றாகப் பேசுகிறார். இங்கே ஐந்தேகால் என்றால் உனக்கு ஏழே முக்கால், பிள்ளை சாப்பிட்டிருப்பாள். திங்கள் முதல் வியாழன் வரை நான் அவர் பக்கத்தில் இருப்பேன், போனை நானே பிடித்துக்கொள்கிறேன். காது கொஞ்சம் மந்தம். நீ கத்தாதே, மெதுவாகச் சொல், நான் திருப்பிச் சொல்கிறேன். வருஷம் எது, தேதி எது என்று கேட்டுக் குடைய வேண்டாம், சோர்ந்துபோகிறார். வீட்டில் எந்த மூலையில் கல் கிடந்தது, மிளகாய் எங்கே வாங்கினார்கள், அடுத்த வீட்டுச் சீனத்தி பெயர் என்ன, இப்படிக் கேள். பள்ளிக்கூடத்தில் பாடிய பாட்டு ஏதாவது வருகிறதா என்று கேள்.

அந்தக் கல் கடைசியில் யாரிடம் போய்ச் சேர்ந்தது என்று நான் இரண்டு தரம் கேட்டுவிட்டேன். இரண்டு தரமும் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டார். உன் மகள் கேட்டால் சொல்வார் என்று எனக்குத் தோன்றுகிறது. அவளையே கேட்கச் சொல்.

திங்கட்கிழமை ஏழே முக்காலுக்குக் கூப்பிடு.

அன்புடன்,
உன் தமிழ் டீச்சர்